ஒரே வேலை, வேறு சம்பளம்: கேட்பதா, விடுவதா?

7 ஜூன் 2025, கேள்வி
ஆறு வருடமாக ஒரே கம்பெனி. போன தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தவர் என்னைவிட ஏழாயிரம் கூட வாங்குகிறார். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான். கேட்டால் வம்பு வருமோ என்று பயம், கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன் 2025
கேளுங்கள். 1976-ம் வருட சம ஊதியச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சம்பளம் தரக் கூடாது என்கிறது அதன் 4-வது பிரிவு. எனக்கும் இதே நிலைமைதான். ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

8 ஜூன் 2025, இரவு
திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2017-ல் பதினோராயிரத்துக்குச் சேர்ந்தேன். இப்போது 28,000. பயர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் விவரக் குறிப்பு) பிரிப்பதில் வேலை ஆரம்பிக்கும். காஸ்டிங் என்கிற விலைக் கணக்கு, லேப் டிப் என்கிற சாய மாதிரிக்கு அப்ரூவல், நூல், நிட்டிங், டையிங், சாம்பிள் என்று போய், இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகி, பெட்டி தூத்துக்குடிக்கு ஏறும்வரை அந்த ஸ்டைல், அதாவது அந்த ஆடை மாடல், என் தலையில் இருக்கும். எங்கள் ஆபீஸில் இந்த வேலைக்கு ஐந்து பேர். எனக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் தம்பி இரண்டு வருடம் முன்பு வேறு கம்பெனியிலிருந்து வந்தவர்.

போன மாதம் அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டார். நான் ஏற்கெனவே கடன் வாங்கி வீடு கட்டியவள். அதனால், "அக்கா, ஒருக்கா சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று பேப்பரை எல்லாம் என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மூன்றாவது தாள் அவருடைய சம்பள சிலிப். 36,000.

அவர் டீ குடித்து வருவதற்குள் அந்தத் தாளை நான்கு முறை பார்த்திருப்பேன். பிறகு விண்ணப்பத்தில் பின்கோடு தப்பாக இருந்ததைச் சொல்லித் திருத்திக் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

என்னை அதிகம் வதைத்தது எட்டாயிரம் ரூபாய் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு வந்த எத்தனையோ சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். துணியின் ஜிஎஸ்எம், அதாவது எடை, குறைந்து வந்தபோது டையிங்கில் போய் நின்று சண்டை போட்டது நான். அதெல்லாம் அன்பில் செய்தது, கணக்குப் பார்த்ததில்லை. அந்தத் தாளைப் பார்த்த நொடியில் எல்லாமே கணக்காக மாறிவிட்டது.

11 ஜூன் 2025
கணக்கு என்றதும்தான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள்.

இன்கிரிமென்ட் எல்லோருக்கும் சதவீதத்தில்தான் வருகிறது. 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு 2,240 ஏறும், அவருக்கு 2,880. எல்லோருக்கும் சமமாகப் போட்டோம் என்பார்கள். அதே சமமான சதவீதத்தில் ஐந்து வருடத்தில் 8,000 இடைவெளி 11,750-ஐத் தாண்டிவிடும். நான் தப்பே செய்யாமல், அவர் கூடுதலாக ஒன்றும் செய்யாமல், அதுவாக வளர்கிறது. சேரும் நாளில் எழுதிய ஒரு எண் இத்தனை வருடமும் கூடவே வருகிறது.

வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டியிலும் அடி. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். 8,000 வித்தியாசத்துக்கு எட்டு வருடத்தில் 36,923 ரூபாய்.

12 ஜூன் 2025
மேலே போட்ட கிராஜுவிட்டி கணக்கு தப்பு. எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணா ஒருவரிடம் பொதுவாகக் கேட்டேன். மொத்தச் சம்பளத்தில் போடக் கூடாது, பேசிக்கும் பஞ்சப்படியும்தான் சேரும் என்றார். எங்களுக்குப் பேசிக் பாதி. ஆகவே வித்தியாசம் 4,000-க்குத்தான். 18,461 ரூபாய். பிஎஃப்-பும் அதே பேசிக்கில்தான் 12 சதவீதம். எண்ணை ஊதிக் காட்டிக்கொண்டு போய் நின்றால் முதல் கேள்வியிலேயே நம்மை மடக்கிவிடுவார்கள். நல்லவேளை, போவதற்கு முன்னால் தெரிந்தது.

15 ஜூன் 2025
கேள்வி கேட்டவர் ஆண் என்று இப்போதுதான் எழுதியிருக்கிறார். கூட வாங்குபவரும் ஆண். நான் பெண் என்றே நினைத்துப் பதில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். அதைவிடப் பெரிய தப்பு, சட்டம் உங்கள் பக்கம் என்று அடித்துச் சொன்னது.

சம ஊதியச் சட்டம் ஆண் பெண் வேறுபாட்டைத்தான் பிடிக்கும். தனியார் கம்பெனியில் இரண்டு ஆண்களுக்கு இடையில் வித்தியாசம் இருந்தால் அது பேசவில்லை. 1982-ல் ரந்தீர் சிங் என்ற டெல்லி போலீஸ் டிரைவர், மற்றத் துறை டிரைவர்களுக்கு உள்ள சம்பளம் தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசியல் சாசனத்தின் 39(டி) பிரிவில் உள்ள சம வேலைக்குச் சம ஊதியம் வெற்று வார்த்தை இல்லை என்று அந்தத் தீர்ப்புதான் நிலைநாட்டியது. 2016-ல் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியர்களும் நிரந்தர ஊழியர்களின் அதே வேலையைச் செய்தால் அந்தப் பதவிக்கான சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத் தொகை அவர்களுக்கும் உண்டு என்றார்கள். இரண்டும் அரசாங்க வேலை. உங்களுக்கு மிச்சம் இருப்பது பேச்சுதான். ஆனாலும் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

22 ஜூன் 2025
எப்படிக் கேட்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு குயர் நோட்டு எடுத்தேன். 2024 ஏப்ரலிலிருந்து நான் முடித்த ஆர்டர்களை எல்லாம் எழுதினேன். எத்தனை ஸ்டைல், எத்தனை பீஸ், எது நேரத்துக்குப் போனது, எதைத் தாமதத்தால் விமானத்தில் அனுப்ப (ஏர் ஷிப்மென்ட்) வேண்டியது ஆகாமல் கடைசி நேரத்தில் காப்பாற்றினேன், பயர் நஷ்டஈடு கேட்டு எந்த கிளெய்ம் வந்தது என்று எல்லாமே. வந்த ஒரு கிளெய்மை மறைக்கவில்லை. லேபிள் மாறிப் போனது, தப்பு என் மேல்தான். எதிர்ப் பக்கத்தில் மெர்ச்சண்டைசர் வேலை என்றால் என்னென்ன என்று ஆள் பெயர் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே முதுகு நிமிர்ந்தது. எட்டு வருடமாக ஓடிக்கொண்டே இருந்ததில், ஒரு தரம்கூட நின்று பார்த்ததில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தம்பி நம்பிக் கொடுத்த தாளிலிருந்து எடுத்த எண்ணை நான் எப்படிச் சொல்வது?

24 ஜூன் 2025
அவரிடமே கேட்டுவிட்டேன். கேன்டீனில் வைத்து, "தம்பி, அன்னிக்கு உங்க சிலிப்பைப் பாத்தேன். என்னோடது இருபத்தெட்டு" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க்கா. நீங்க என்னைய விடக் கூட வாங்குவீங்கன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேளுங்க்கா. என் பேர மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

ஐந்தே பேர் இருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொன்னால் போதும், யாரென்று தெரிந்துவிடும். அதனால் எண்ணையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சம ஊதியச் சட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னபோது அவருக்கும் ஒரு பயம் இருந்தது தெரிந்தது: சமப்படுத்துகிறேன் என்று தன் சம்பளத்தைக் குறைத்துவிட்டால்? அது முடியாது. யாருடைய சம்பளத்தையும் குறைத்துச் சமப்படுத்தக் கூடாது என்று அதே 4-வது பிரிவின் 2-வது உட்பிரிவு சொல்கிறது. சொன்ன பிறகுதான் அவர் டீயைக் குடித்தார்.

28 ஜூன் 2025
இன்று ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) சாரைப் பார்த்தேன். நாற்பது நிமிடம். நினைவிருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நோட்டைக் காட்டினேன். பொறுமையாகப் புரட்டினார், அதற்கு நன்றி. "இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தா என்ன கொடுப்பீங்களோ, அது எனக்கு வேணுங்க சார்" என்றேன். எண் கேட்டார். முப்பத்தாறு என்றேன். பேனாவை மூடி வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் கேட்கவில்லை.

அவர் சொன்ன காரணங்கள் வந்த வரிசையில். வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பழைய சம்பளத்துக்கு மேல் இருபது சதவீதமாவது கொடுத்தால்தான் வருவார்கள். நீங்கள் இங்கேயே வளர்ந்தவர். உங்கள் வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறார். ஷிப்மென்ட் ராத்திரியில் ஆம்பளைங்க இருக்கிறார்கள், நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள்.

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். இங்கேயே வளர்ந்தது குற்றமானால், நாளைக்கே வெளியே போய்த் திரும்பி வந்தால் என் விலை ஏறிவிடுமா என்று கேட்டேன். மூன்றாவதற்குப் பதிலே சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். அவர் வருமானத்துக்கும் நான் போடும் காஸ்டிங் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வாயில் வருகிறது.

29 ஜூன் 2025
நான்காவது காரணம் மட்டும் ராத்திரி முழுக்க உறுத்தியது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. காலையில் பழைய வாட்ஸப் எல்லாம் தேடி எண்ணினேன். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் தம்பி பத்து மணிக்கு மேல் பேக்கிங்கில் நின்ற ராத்திரி பதினொன்று. நான் நின்றது நான்கு. அதே ஐந்து மாதத்தில் நான் காலை ஏழரைக்கு முன்னால் டையிங்கிலோ நிட்டிங்கிலோ நின்றது பத்தொன்பது நாள். அதை யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணியதில்லை.

ராத்திரி நிற்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். நின்ற நாளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். மாதாமாதம் பேசிக்கில் ஏன் அந்த வித்தியாசம்? திங்கட்கிழமை இதை மெயிலாகப் போட்டேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லாமல் எழுத மூன்று தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது.

(அந்த மெயிலை 30-ம் தேதி அனுப்பிய பிறகுதான் மேலே கடைசி வரிகளைச் சேர்த்தேன், தேதி குழப்பம் வேண்டாம்.)

6 ஜூலை 2025
ஆகஸ்ட்டிலிருந்து மூவாயிரம். மிச்சத்தை ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்கள். "பார்க்கலாம்" என்பதை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். போச்சாது போ என்று அம்மா சொல்கிறாள், கிடைத்தவரை லாபமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

9 ஜூலை 2025
மூவாயிரத்துக்கு ஒத்துக்கொண்டது தப்பு என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். கடன் தவணை 14,200 கட்டுகிறவளுக்கு மூவாயிரம் சின்னத் தொகை இல்லைங்க. வாங்கிக்கொண்டே மிச்சத்தையும் கேட்கலாம்.

30 ஆகஸ்ட் 2025
எல்லாம் தலைகீழ். 27-ம் தேதியிலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரி 50 சதவீதம். எங்கள் கம்பெனியில் பாதி ஆர்டர் அமெரிக்கா. இரண்டு ஸ்டைலை வெட்டும் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஸ்டைலுக்கு பயர் தள்ளுபடி கேட்கிறார். ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மூவாயிரம் வந்துவிட்டது, ஆனால் இனி ஏப்ரலில் என்ன என்று கேட்கவே வாய் வரவில்லை. தையல் ஆட்களுக்கு வாரத்தில் நாலு ஷிப்டுதான் வேலை. அந்த நேரத்தில் என் ஐயாயிரத்தைப் பற்றி நான் பேசுவதா?

7 செப்டம்பர் 2025
மேலே எழுதியதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தைக் கேட்க இது நேரமா என்று தயங்கியது சரிதான். ஆனால் அது எனக்கு உரியது இல்லை என்று ஆகிவிடாது.

ஆட்ரி டி'கோஸ்டா என்ற அம்மாவின் வழக்கைப் படித்தேன். பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபர். பெண் ஸ்டெனோக்களைப் பெரிய அதிகாரிகளுக்கான அந்தரங்க ஸ்டெனோ என்று தனிப் பிரிவாக வைத்து, ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். 1977-ல் அவருக்கு வேலை போனது. அதன் பிறகு வழக்குப் போட்டார். முதலில் தோல்வி, மேல்முறையீட்டில் வெற்றி. 1987-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. கம்பெனி சொன்ன காரணங்களில் ஒன்று, பண வசதி இல்லை என்பது. சமமாகக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் பண வசதியைப் பொறுத்ததில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்து வேலை வேறு என்று சொல்லக் கூடாது, பரந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. என் ராத்திரிக் கணக்குக்கு இதுதான் பதில்.

அவருக்குச் சேர வேண்டியதாகக் கணக்கிட்ட சம்பளப் பாக்கி ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய் சொச்சம். அதற்காகப் பத்து வருடம். நான் அந்த எண்ணைப் படித்துவிட்டு அழுதேன்.

21 செப்டம்பர் 2025
இதைச் சொல்லாமல் இருந்தால் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

பதினெட்டாம் தேதி ஒரு இங்கிலாந்து ஆர்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்காகச் செக்கிங் பகுதியில் நின்றிருந்தேன். அங்கே பிசிறு வெட்டி, கறை பார்த்து, மடித்துப் பாலிபேக் போடுவது பத்துப் பன்னிரண்டு பெண்கள். அன்றைக்கு அவசரம் என்பதால் நான்கு ஆண் ஹெல்பர்களையும் அதே மேஜையில் போட்டிருந்தார்கள். அதே கத்தரி, அதே பீஸ். ஒரு அக்கா சொன்னார், சத்தமில்லாமல், புகார் மாதிரிகூட இல்லாமல்: "அவிங்களுக்கு ஷிப்டுக்கு நானூத்தி அம்பது கண்ணு. எங்களுக்கு முன்னூத்தி எம்பது."

பெட்டி தூக்குகிறார்கள், அதனால் கூட என்பார்கள். அன்றைக்கு யாரும் பெட்டி தூக்கவில்லை. மற்ற நாளில் நூல் கட்டுகளையும் பாலிபேக் மூட்டைகளையும் அந்தப் பெண்கள் இழுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஸ்டைலின் காஸ்டிங் ஷீட் நான் போட்டது. செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் ஒரு பீஸுக்கு இவ்வளவு பைசா என்று எழுதியது என் கை. பயர் ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னபோது துணியில் குறைக்க முடியாது, தையலில் குறைத்தால் டைலர் போய்விடுவான் என்று, அந்தச் செக்கிங், பேக்கிங் பைசாவில்தான் குறைத்தேன். எதிர்த்துப் பேச யாரும் வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எட்டு வருடமாக இப்படித்தான் போட்டிருக்கிறேன்.

என் முப்பத்தாறாயிரத்தைக் கேட்க ஒரு நோட்டு எழுதினேனே, அவர்களுக்கு யார் எழுதுவார்கள்?

22 செப்டம்பர் 2025
அந்தப் பெண்களின் கூலி கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது, நீங்கள் என்ன செய்ய முடியும் என்று எழுதியவருக்கு: கான்ட்ராக்டருக்குப் போகும் ரேட் என் ஷீட்டிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த எண்ணை என்னால் தொட முடியும்.

17 அக்டோபர் 2025
போனஸ் போட்டுவிட்டார்கள், போன வருட அளவுக்கே. வரி அடித்த வருடத்தில் இது பெரிய விஷயம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கவே முடியவில்லை. கேள்வி கேட்டவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம், ஒன்பதாயிரம் கூட. வாழ்த்துகள். பழைய இடத்தில் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிடித்தது.

23 நவம்பர் 2025
முதல் பதிலில் நான் சொன்ன சட்டம் இனி தனியாக இல்லை. 21-ம் தேதியிலிருந்து 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது, சம ஊதியச் சட்டம் அதற்குள் போய்விட்டது. அதில் 3-வது பிரிவு இதேதான்: ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ பாலினம் பார்த்துச் சம்பளத்தில் வேறுபாடு கூடாது, சமப்படுத்த யாருடையதையும் குறைக்கவும் கூடாது. வேலை ஒத்ததா இல்லையா என்று தகராறு வந்தால் அரசு குறிக்கும் அதிகாரி முடிவு செய்வார். படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே உள்ளது சம்பளமாகவே கணக்கில் சேரும். பேசிக்கைச் சின்னதாக வைத்து பிஎஃப், கிராஜுவிட்டியைக் குறைக்கும் இடங்களில் இருப்பவர்கள் சிலிப்பை எடுத்துப் பாருங்கள். எங்களுக்குப் பாதி என்பதால் எனக்கு மாற்றம் இல்லை.

7 டிசம்பர் 2025
டிசம்பரிலிருந்து எனக்கு 34,000. இங்கிலாந்து பயர் ஆர்டரை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள், அந்த அக்கவுண்ட் என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் கொடுத்தார்கள், சமப்படுத்த இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரம் இன்னும் பாக்கி. தம்பிக்குத்தான் முதலில் சொன்னேன். "மிச்சத்தையும் வாங்கிப்போடுங்க்கா" என்றார்.

புது ஆர்டரின் காஸ்டிங்கில் செக்கிங், பேக்கிங் ரேட்டை ஏற்றிப் போட்டேன். ஜி.எம். சார் வட்டம் போட்டு அனுப்பினார், ஏன் என்று. செப்டம்பர் 18-ம் தேதி அந்த மேஜையில் யார் யார் என்ன வேலை செய்தார்கள், யாருக்கு என்ன ரேட் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. புதுச் சட்டத்தின் 3-வது பிரிவையும் எழுதினேன். பயரின் தணிக்கை ஆட்கள் பிப்ரவரியில் வருகிறார்கள், கூலிப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள் என்றும் எழுதினேன். கான்ட்ராக்டர் என் மேஜைக்கு வந்து கோபப்பட்டார். "மேடம், ஆபீஸ்ல இருக்கற நீங்க இதுல எதுக்குங்க வர்றீங்க?" என்றார். ரேட்டை எழுதுவது நான்தானுங்களே என்றேன்.

10 ஜனவரி 2026
சனிக்கிழமை சம்பளம். அந்த அக்கா கவரைப் பிரித்துக் காட்டினார். 380 இருந்த இடத்தில் 410. ஆண்களுக்கு அதே 450. திங்கட்கிழமை மறுபடியும் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.